கசிவு தெரியும் நிறம்

சார் அதைத் தினசரித் தாளில் சுற்றி, மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். எண்ணெய் தாளைத் தாண்டிப் பையையும் நனைத்திருந்தது. திண்ணையில் வைத்துப் பிரித்தபோது கரி பிடித்த நெடி எழுந்தது. அம்பாசிடரின் டாப்பெட் கவர். எஞ்சினின் தலைமேல் கவிழ்த்த தகரத் தொட்டி என்று சொன்னால் பார்க்காதவர்களுக்கும் புரியும். அதற்கு அடியில் வால்வுகளைத் திறந்து மூடும் ராக்கர்கள் ஆடிக்கொண்டிருக்கும். அங்கே தெறிக்கிற எண்ணெயை வெளியே விடாமல் வைத்திருப்பதுதான் இதன் வேலை.

“தம்பி, மேலாப்புல ஒரு சில்வர் அடிச்சுக் குடுத்துருங்க. ஞாயித்துக்கெழம மாட்டிரலாம்” என்றார்.

அன்றைக்கு வியாழன். நான் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏற்கெனவே அதன்மேல் ஒரு சில்வர் இருந்தது. நகத்தால் கீறினேன், வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. அதன் அடியில் கறுப்பு. கறுப்புக்கும் சில்வருக்கும் நடுவே, விரலில் ஒட்டும் அளவுக்கு எண்ணெய். யாரோ எண்ணெய்மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அது பெயிண்ட் அடித்தது ஆகாது, எண்ணெய்க்குப் போர்வை போர்த்தியது.

“சார், பத்து நாள் விட்டுட்டுப் போங்க” என்றேன். எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். இன்றைக்கும் அவர் முன்னால் நாற்காலியில் உட்கார எனக்குக் கூச்சம். ஆனால் இந்த விஷயத்தில் நான் சொல்வதை அவர் கேட்டுக்கொண்டார்.

கார் பெயிண்டிங்கில் எனக்கு நாற்பது வருஷம் ஆகிறது. பட்டறையை விட்டு வந்தபிறகு வீட்டு மொட்டை மாடியில் சின்ன வேலைகளை மட்டும் எடுத்துச் செய்கிறேன். டாப்பெட் கவர், ஏர் கிளீனர் டப்பா, ரேடியேட்டர் ஃபேன், புல்லட்டின் என்ஜின் மூடிகள். பாடி முழுக்க அடிக்கிற வேலைக்கு இப்போது உடம்பு இடம் கொடுப்பதில்லை. சின்னச் சாமான் என்றால் மனசு வைத்துச் செய்ய முடிகிறது.

பானட்டுக்குள்ளே இருக்கும் சாமானுக்கு எதற்குப் பெயிண்ட் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். துரு பிடிக்காமல் இருக்க என்பது பாதிப் பதில். மீதிப் பாதியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர், நான் தொழில் பழகிய பட்டறையின் மேஸ்திரி. அழுக்கு எஞ்சினில் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. எல்லா இடமும் கறுப்பு, எல்லா இடமும் பிசுக்கு. துடைத்துப் பெயிண்ட் அடித்த எஞ்சினில், புதிதாகக் கசிகிற ஒரு சொட்டு கோடு போட்டதுபோல் தெரியும். எந்தப் பேக்கிங் போயிருக்கிறது, எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று எஞ்சினே காட்டிக் கொடுக்கும். அதனால்தான் எஞ்சின் சாமானுக்குக் கன்னங்கரேல் என்று கறுப்பு அடிக்கச் சொன்னால் எனக்குப் பிடிக்காது. கறுப்பு எல்லாவற்றையும் மறைக்கும்.

முதல் இரண்டு நாளும் கழுவுகிற வேலைதான். மண்ணெண்ணெயை முன்போல் லிட்டர் கணக்கில் வாங்க முடிவதில்லை, அதனால் டீசல். பழைய பிளாஸ்டிக் தொட்டியில் கவரைக் கிடத்தி, டீசல் ஊற்றி ஒரு ராத்திரி ஊற வைத்தேன். காலையில் பெயிண்ட் பிரஷ்ஷின் நுனியைக் கட்டையாக வெட்டி அதால் தேய்த்தேன். மூலைமுடுக்குக்குப் பழைய டூத் பிரஷ். எண்ணெய் ஊற்றும் வாயின் கழுத்தைச் சுற்றி, கறுத்துக் கெட்டியாகி, அல்வாவின் அடி மாதிரி ஒட்டியிருந்ததை மூங்கில் சிம்பால் சுரண்டி எடுத்தேன். இரும்பால் சுரண்டினால் தகட்டில் கோடு விழும். அந்தக் கோடு, மேலே எத்தனை கோட்டிங் அடித்தாலும், வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது தெரியும்.

டீசலும் ஓர் எண்ணெய்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அழுக்கு போய்விட்டது, பளபள என்று இருக்கிறது என்று அப்படியே துடைத்துவிட்டு அடித்துவிடுவார்கள். டீசலுக்கு அப்புறம் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் வெந்நீரும் வேண்டும். இரண்டு முறை, மூன்று முறை. போதுமா என்று எப்படித் தெரியும்? மேஸ்திரி எனக்குக் காட்டிக் கொடுத்த முதல் பாடம் அதுதான். 1983-ல், வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நாள்.

“ஏல, தண்ணி ஊத்திப் பாரு. முத்து முத்தா நிக்கா? அப்பம் இன்னும் தேயி.”

சுத்தமான இரும்பில் தண்ணீர் ஊற்றினால் ஒரே விரிப்பாகப் படியும். எண்ணெய் இருக்கும் இடத்தில் விலகி, தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் முடிகிற சோதனை. நாற்பது வருஷத்தில் இதைவிடச் சுலபமானதும், இதைவிடப் பொய் சொல்லாததும் எனக்குத் தெரியாது. சாரின் கவரில் மூன்றாம் முறையும் ஓர் இடத்தில் முத்து நின்றது. மேலே நட்டு உட்காருகிற ஓட்டையைச் சுற்றி. ரப்பர் வாஷரிலிருந்து இறங்கிய எண்ணெய் அங்கே வருஷக்கணக்காக ஊறியிருந்தது. அந்த இரண்டு ஓட்டைகளுக்கு மட்டும் அரை மணி நேரம் செலவழித்தேன்.

பழைய பெயிண்டை எடுக்க நான் காஸ்டிக் சோடா வைத்திருக்கிறேன். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. சாகுபுரத்து ஆலையில் உப்பிலிருந்துதான் அதை எடுக்கிறார்கள். இங்கே இரும்பைத் தின்பதும் உப்பு, அதே உப்பிலிருந்து வருகிற சோடாதான் இரும்பின்மேல் இருக்கும் பெயிண்டைத் தின்பதும். இதைத் தொடும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். தொடும்போது என்று சொன்னாலும் வெறுங்கையால் தொடுவதில்லை. முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். பேரப்பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாளில் அந்த டப்பாவைத் திறப்பதே இல்லை.

இன்னொன்று, இது இரும்புக்கு மட்டும். அலுமினியத்துக்கு ஆகவே ஆகாது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம், மேஸ்திரி வெளியூர் போயிருந்த அன்று, ஒருவருடைய புல்லட்டின் டைமிங் கவரைச் சுத்தம் பண்ணச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரும்புச் சாமான்கள் ஊறிய தொட்டியிலேயே அதையும் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தொட்டி முழுக்க நுரை. சோறு வடிக்கிற பானை மாதிரி பொங்குகிறது. அழுக்கு நன்றாகக் கழல்கிறது என்று நினைத்துச் சந்தோஷத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். கழன்றது அழுக்கு இல்லை, அலுமினியம். வெளியே எடுத்தபோது கவர் கறுத்து, சொறி பிடித்து, ஸ்க்ரூ உட்காரும் விளிம்பு பிளேடு மாதிரி மெலிந்திருந்தது. அந்த நுரை ஹைட்ரஜன் வாயு. பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

மேஸ்திரி திரும்பி வந்து பார்த்தார். கை ஓங்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு வண்டிக்காரர் வீட்டுக்குப் போனார். “நீயே சொல்லு” என்றார். சொன்னேன். புதுக் கவர் வாங்கிய பணத்தை நாலு மாதம் என் கூலியில் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தச் சாமான் வந்தாலும் முதல் வேலை காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்ப்பதுதான். ஒட்டினால் இரும்பு, தொட்டிக்குப் போகலாம். ஒட்டாவிட்டால் பெயிண்ட் ரிமூவரும் பொறுமையும்.

சாரின் கவர் அழுத்தி எடுத்த இரும்புத் தகடு. காந்தம் பிடித்தது. சோடாத் தண்ணீரில் ஒரு பகல் கிடந்தது. சில்வர் முதலில் போயிற்று, அப்புறம் கறுப்பு, அதற்கடியில் நான் எதிர்பாராத ஒரு நீலம். அந்த நீலமும் கம்பெனி நிறம் இல்லை என்று எனக்குப் பட்டது. பிரஷ்ஷின் தடம் தெரிந்தது. பக்கவாட்டில் ஒரு சின்ன கிளிப் பற்றவைத்திருக்கும். அதன் மடிப்புக்குள் எந்தப் பிரஷ்ஷும் போயிருக்காது. பேனாக்கத்தி முனையால் அங்கே மெதுவாக நெருடினேன். அரிசி அளவு பச்சை. வேப்பங்கொழுந்தின் பச்சை இல்லை. முற்றிய இலையில் தூசி படிந்த பச்சை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த வண்டி வெளியே வந்தபோது பூசிய நிறம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

சாருக்குப் போன் பண்ணினேன். வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கிளிப்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய அப்பா வாங்கிய வண்டி. 1972 மாடல், மார்க் 2, 1489 சிசி பெட்ரோல். உத்தரபாரா தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிகளின் அந்த எஞ்சின் இங்கிலாந்தின் பிஎம்சி கம்பெனி வடிவமைத்தது. அங்கே எம்ஜிஏ என்கிற ஸ்போர்ட்ஸ் காரிலும் முதலில் இருந்தது அதே 1489 சிசிதான். ஆனால் சார் அதையெல்லாம் பேசவில்லை.

“அப்பா பானட்டத் தூக்கிட்டு நின்னா இந்தப் பச்சதான் தெரியும். நான் மறந்தே போயிட்டேன் தம்பி” என்றார். அப்புறம் சில்வரைப் பற்றி அவர் பேசவே இல்லை.

பெயிண்ட் போன இரும்பு பச்சைக் குழந்தை மாதிரி. எங்கள் ஊரில் அதைக் காற்றில் விட்டுவைக்க முடியாது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். காலையில் வெள்ளி மாதிரி தேய்த்து வைத்தால், சாயங்காலத்துக்குள் மஞ்சள் ஏறிவிடும். ஈரக் கையால் தொட்டால் இன்னும் மோசம். மறுநாள் பார்த்தால் ஐந்து விரலும் துருவில் பதிந்திருக்கும், ரேகை எண்ணலாம். நம் வியர்வையிலும் உப்புதானே இருக்கிறது. அதனால் தேய்ப்பு தொடங்கிவிட்டால் பிரைமர் அடிக்கிற வரை நிறுத்தக் கூடாது. சாப்பாட்டுக்குக்கூட நான் கீழே இறங்குவதில்லை. வீட்டில் தட்டை மாடிக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவாள்.

80 நம்பர் எமரித் தாளில் தொடங்கி 120, 220 என்று போனேன். துரு குழிவிட்ட இடங்கள் இருந்தன, முக்கியமாக முன்பக்க விளிம்பில். அங்கே தேய்த்துக்கொண்டே போனால் தகடு மெலியுமே தவிரக் குழி போகாது. பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைத் தடவினால், குழிக்குள் இருக்கும் துருவை அது சாம்பல் கறுப்பான, கெட்டியான ஒரு படிவமாக மாற்றிவிடும். தடவிப் பத்து நிமிஷம், பிறகு தண்ணீரில் கழுவி உடனே துடைத்து, ஹேர் டிரையரால் உலர்த்த வேண்டும். அமிலம் மிச்சம் இருந்தால் பெயிண்ட் பின்னால் கொப்புளிக்கும்.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த வேலையின் உயிர்.

டாப்பெட் கவரிலிருந்து எண்ணெய் கசிகிறது என்றால் எல்லோரும் பேக்கிங்கைத்தான் குற்றம் சொல்கிறார்கள். கார்க் பேக்கிங்கை மாற்றுகிறார்கள், மறுபடி கசிகிறது, நட்டை இன்னும் இறுக்குகிறார்கள். இந்த எஞ்சினில் கவரைப் பிடித்திருப்பது மேலே இரண்டே நட்டுகள். ஐம்பது வருஷமாக ஆளாளுக்கு இறுக்கினால் மெல்லிய தகடு என்ன ஆகும்? ஓட்டையைச் சுற்றிக் குழி விழும், அடி விளிம்பு நடுவில் வளையும். வளைந்த விளிம்புக்கு எந்தக் கார்க்கும் ஈடுகொடுக்காது. அதன்மேல் எவ்வளவு அழகாகப் பெயிண்ட் அடித்தாலும் ஒரு வாரத்தில் எண்ணெய் வழிந்து நிற்கும்.

என்னிடம் ஒரு பீரோக் கண்ணாடி இருக்கிறது. பழைய பீரோவை விற்றபோது அதை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். அதைத் தரையில் சமமாகப் போட்டு, கவரை அதன்மேல் வைத்தேன். நாலு மூலையிலும் விரலால் தட்டினேன். ஒரு மூலையில் டக் டக் என்று ஆடியது. அப்புறம் தினசரித் தாளில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கீற்று கிழித்து, விளிம்பைச் சுற்றி அடியில் நுழைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். தாள் பிடிக்கிற இடம் சரி. தடையில்லாமல் உள்ளே போகிற இடம் வளைவு. பென்சிலால் குறித்தேன். பின்பக்கம் மூன்று விரல் நீளத்துக்குத் தாள் தாராளமாகப் போயிற்று. சார் வண்டியில் எண்ணெய் வழிந்தது அந்த மூலையில்தான்.

தட்டி எடுக்கிற வேலை டிங்கர் வேலை. எனக்கு ஓரளவு வரும், ஆனால் அடுத்த தெருவில் ஒருவர் இருக்கிறார், அவர் கைக்கு நான் ஈடில்லை. கவரைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். உள்ளே வேப்பமரக் கட்டையைக் கொடுத்து, மேலே ரப்பர் சுத்தியால், அடி என்றுகூடச் சொல்ல முடியாது, தட்டு. ஒவ்வொரு நாலு தட்டுக்கும் கண்ணாடிமேல் வைத்துத் தாளை நுழைத்துப் பார்ப்பார். ஓட்டையின் குழியை உள்ளிருந்து டாலி கொடுத்து எழுப்பினார். ஒன்றரை மணி நேரம். கடைசியில் சுற்றிலும் எங்கேயும் தாள் நுழையவில்லை. காசு வேண்டாம் என்றார். டீ மட்டும் குடித்தோம்.

அந்தக் குழியைப் பட்டி வைத்து நிரப்பியிருக்கலாமே என்று கேட்பார்கள். பாடிக்கு வைக்கிற பட்டியை எஞ்சின்மேல் வைக்கக் கூடாது. எஞ்சின் சூடாகும், ஆறும், மறுபடி சூடாகும்; இரும்பும் பட்டியும் ஒரே அளவுக்கு விரியாது. வெடித்துப் பாளமாக விழும். விழுகிறது ஃபேன் பெல்ட்டில் போய்ச் சிக்கினால் அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

மணல் அடித்துச் சுத்தம் பண்ணினால் அரை மணியில் முடியுமே என்றும் சொல்வார்கள். முடியும். ஆனால் மூடிய உள்பாகம் உள்ள எஞ்சின் சாமானுக்கு அதை நான் சம்மதிப்பதில்லை. ஒரு தடவை வேறொரு வண்டியின் கவரை வண்டிக்காரரே வெளியில் கொடுத்து மணல் அடித்துக்கொண்டு வந்தார். கண்ணாடி மாதிரி சுத்தம். பெயிண்ட் அடித்து மாட்டியும் ஆயிற்று. அதன் உள்ளே, ப்ரீதர் குழாய்க்குப் பின்னால் ஒரு தடுப்புத் தகடு. அந்தத் தகட்டுக்கும் கவருக்கும் நடுவில் மணல் தங்கியிருக்கிறது. எத்தனை கழுவியும் வராத மணல், சூடான எண்ணெய் பட்டதும் ஒவ்வொன்றாக இறங்கியிருக்கிறது. சில நாளில் பேரிங்கில் சத்தம். எஞ்சினை இறக்கிப் பார்த்தபோது பேரிங் முழுக்கக் கீறல். பெயிண்ட் அடித்தது நான் என்பதால் அது இன்றுவரை என் மனதில் கிடக்கிறது. உள்ளே தட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அதே காரணத்தால் உள்பக்கம் பெயிண்ட் அடிப்பதில்லை. சூட்டிலும் எண்ணெயிலும் ஊறி ஒருநாள் அது உரியும். உரிந்த சருகு சம்ப்புக்குப் போய் எண்ணெய் இழுக்கும் ஜாலியை அடைக்கும். உள்பக்கம் வெறும் இரும்பாகவே இருக்கட்டும். எண்ணெய் படுகிற இடத்தில் துரு வராது. பேக்கிங் உட்காரும் விளிம்புக்கும் மாஸ்கிங் டேப். எண்ணெய் ஊற்றும் வாய், ப்ரீதர் குழாய் இரண்டுக்கும் தாளைச் சுருட்டி அடைத்தேன். டேப்பை ஒட்டி, விளிம்பு ஓரமாக நகத்தால் அழுத்திக்கொண்டே வந்து, மிச்சத்தைப் புது பிளேடால் அறுத்தேன். இந்த வேலைக்கு ஒரு மணி நேரம்.

ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கோட்டிங், மெலிதாக. மறுநாள் 400 நம்பர் வாட்டர் பேப்பரில் லேசான தேய்ப்பு. அலுமினியமாக இருந்தால் எட்ச் பிரைமர் போட்டிருப்பேன். வெறும் அலுமினியத்தில் சாதாரணப் பிரைமர் பிடிப்பதில்லை.

நிறம் கலக்கத்தான் நேரம் பிடித்தது. சைலன்சருக்கு அடிக்கிற சூடு தாங்கும் சில்வர் 200, 400, 600 டிகிரி என்று தரம் தரமாகக் கிடைக்கிறது. டாப்பெட் கவருக்கு அவ்வளவு தேவையில்லை; அது நூறு டிகிரியை ஒட்டித்தான் சூடாகும். எண்ணெயையும் பெட்ரோலையும் தாங்குகிற எஞ்சின் எனாமல் போதும். ஆனால் கடையில் அந்தப் பச்சை இல்லை. கடும் பச்சை வாங்கி, வெள்ளை கொஞ்சம், கறுப்பு ஒரு குச்சி நுனி, மஞ்சள் அதைவிடக் கொஞ்சம் கூட. தகரத் துண்டில் அடித்துக் காயவைத்து, கிளிப்புக்குள் நான் தொடாமல் விட்டிருந்த அந்த அரிசி அளவோடு வைத்துப் பார்த்தேன். ஈரத்தில் ஒத்துப்போகிற நிறம் காய்ந்தால் மாறும். ஒன்பதாவது தகரத்தில்தான் திருப்தி வந்தது. மரத்தடி நிழலிலும் உச்சி வெயிலிலும் ஒன்றாகத் தெரிந்தது.

அது ஆடி மாதம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கணவாய் வழியாக இறங்குகிற காற்று கயத்தாறுக் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு எங்கள் ஊருக்குப் புழுதியோடு வரும். ஒன்பது மணிக்கு மேல் மாடியில் துணி காயப்போட முடியாது, பெயிண்ட் எங்கே அடிப்பது? மழைக்காலத்தில் அடிக்கலாமே என்றால் அதில் வேறு சிக்கல். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து, பெயிண்ட் வெள்ளை பூத்துப்போகும். அதனால் நான்கரைக்கு எழுந்தேன். மாடியில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினேன். மூன்று பக்கமும் ஈரச்சேலை கட்டினேன். கவரைச் சோப்புத் தண்ணீரில் கடைசியாக ஒருமுறை கழுவி, உலர்த்தி, தின்னர் நனைத்த சுத்தமான துணியால் ஒரே திசையில் துடைத்தேன். வெளிச்சம் வரும்வரை காத்திருந்தேன்.

காற்று 40 பவுண்டு போதும். ஸ்ப்ரே கன்னைச் சாணும் கொஞ்சமும் தள்ளிப் பிடித்து, முதலில் விளிம்புகள், மடிப்புகள், அப்புறம் பரப்பு. முதல் கோட்டிங் மூடவே கூடாது. பனி படிந்த மாதிரி, அடியில் பிரைமர் தெரிய வேண்டும். அது கொஞ்சம் ஒட்டும் பதத்துக்கு வந்தபின் இரண்டாவது. கால் மணி நேரம் விட்டு மூன்றாவது, ஈரமாக. கை நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் கனம் கூடி ஒழுகும். மூன்றாவது கோட்டிங்கில் பெயிண்ட் புள்ளி புள்ளியாக விழுந்து, பக்கத்துப் புள்ளியோடு சேர்ந்து, ஒரே நீர்ப்பரப்பாக மாறும் அந்த இரண்டு மூன்று நொடி இருக்கிறதே, அதைப் பார்ப்பதற்காகவே இந்தத் தொழிலில் இருந்தேன் என்று சொல்லலாம். வானம் அதில் தெரிந்தது.

இங்கே மேஸ்திரியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அவர் வாழ்நாள் முழுக்கத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டுதான் அடித்தார். நாங்களும் அப்படித்தான். துண்டு புள்ளியைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. பழைய பெயிண்டில் ஈயம் உண்டு. அதைக் காய்ந்தபடியே தேய்த்து அந்தத் தூளையும் சுவாசித்தோம். பின்னால் ஹார்ட்னர் கலக்கிற இரண்டு டப்பா பெயிண்ட் வந்தது, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. அதிலிருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கடைசி இரண்டு வருஷம் அவரால் படுத்துத் தூங்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். பார்க்கப் போனால் என் கையைப் பிடித்து நகத்தைத் திருப்பிப் பார்ப்பார், இன்னும் தொழிலில் இருக்கிறேனா என்று. நான் இப்போது கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் முகமூடி இல்லாமல் கன்னைத் தொடுவதில்லை. ஹார்ட்னர் பெயிண்டை வீட்டு மாடியில் திறப்பதே இல்லை, எவ்வளவு கொடுத்தாலும். பக்கத்து மாடியில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். இளவட்டப் பெயிண்டர்கள் யாராவது இதைப் படித்தால், பளபளப்புக்காக மூச்சை விற்காதீர்கள். முகமூடி வாங்கிக் கொடுக்காத பட்டறையில் நிற்காதீர்கள்.

ஒருநாள் முழுக்க நிழலில் காயவிட்டேன். அதற்கப்புறம்தான் சூடு. சமையலறை அடுப்போ, சாப்பாடு வைக்கிற ஓவனோ கிட்டவே வரக் கூடாது. என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது, உள்ளே இரண்டு 100 வாட் குண்டு பல்பு, மூடியில் ஆறு ஓட்டை. எல்இடி வந்தபிறகு அந்தப் பல்புகள் கிடைப்பது அரிதாகிவிட்டது. பார்த்த இடத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறேன். தின்னர் வாசம் முற்றிலும் போனபிறகே கவரை உள்ளே வைக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டிக்குள் ஆவி சேர்ந்து தீப்பிடிக்கும். மூன்று மணி நேரம் சூடு, ஒரு ராத்திரி ஆறுதல். மறுநாளும் அதேபோல். இரண்டாம் நாள் நகத்தால் அழுத்தினேன், தடம் விழவில்லை.

பதினோராம் நாள் சார் வீட்டு ஷெட்டில் மாட்டினோம். கார்க் பேக்கிங்கைக் கவர் பக்கம் மட்டும் ஷெல்லாக் தடவி ஒட்டினேன். ஹெட் பக்கம் ஒன்றும் தடவவில்லை, அடுத்த தடவை கழற்றும்போது கிழியாமல் வர வேண்டும். ரப்பர் வாஷர் புதிது. நட்டை விரலால் உட்காரும்வரை திருகி, ஸ்பேனரால் இரண்டையும் மாற்றி மாற்றி, ரப்பர் கொஞ்சம் பிதுங்கியதும் நிறுத்தினேன். ஸ்பேனரைச் சார் கையில் கொடுத்து, “இதுக்குமேல யாரையும் இறுக்க விடாதீங்க சார்” என்றேன். கணக்கு நோட்டில் குறித்துக்கொள்கிற மாதிரி தலையை ஆட்டினார். அவருடைய பேத்தி பானட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “தாத்தா, புதுசா?” என்று கேட்டாள். “இல்லம்மா, பழசு” என்றார்.

ஐப்பசியில் ஒருநாள் காலை போன் வந்தது.

“தம்பி, பச்சைல ஒரு கோடு தெரியுது. பின்னால இல்ல. எண்ண ஊத்துற மூடிக்குக் கீழ, முடியளவு.”

மூடியின் உள் வளையம் போயிருக்கும். நான் கடைக்குப் போய்ப் புது வளையம் ஒன்று வாங்கிக்கொண்டு, சைக்கிளை அவர் வீட்டுப் பக்கம் திருப்பினேன்.